கல் வைக்கிற வேலை

மலைப்பக்கம் ஏறுகிற தெருவில்
கார் நிறுத்தினால் கல் வைக்க வேண்டும்.
ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பியவர் கதை
எத்திராஜ் மளிகைக் கடை ஷட்டரில்
இன்னும் பள்ளமாக இருக்கிறது.

பதினோரு வருடம் டோக்கன் கிழித்தேன்.
காருக்கு இருபது, வண்டிக்கு ஐந்து.
கல்லுக்கென்று யாரும் தந்ததில்லை.
மொத்தம் இருபத்து மூன்று கல்,
குவாரி லாரி சிந்திப்போனதில் நானே பொறுக்கியது.
ஆந்திரா நம்பர் இன்னோவாவுக்கு ஒரு பக்கம் சரிந்த கல்.
டாக்டரம்மா ஆல்டோவுக்குச் செங்கல்லே போதும்.
ஆஸ்பத்திரிக்கு வந்த சித்தூர்க் குடும்பம் ஒன்று
மூன்று ராத்திரி காரிலேயே தூங்கியது.
அவர்களுக்கு மட்டும் நாலு சக்கரத்துக்கும் வைத்தேன்.

பங்குனியில் ஒருநாள் விடிவதற்குள்
பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.
என் இடத்தில் படுத்துக் கிடந்தது
ஒரு சைக்கிள் படம்,
மலையைப் பார்த்துத் தலை வைத்து.

முனிரத்தினம் கத்தினார்:
"இந்த மேட்டுல எவன்யா சைக்கிள் மிதிப்பான்?
சித்திரை வந்தா நூத்தியெட்டு அடிக்கும் வெயிலு.
திட்டம் போட்டவன ஒருவாட்டி ஏறச் சொல்லு!"
அவர் சொன்னதில் பிழையில்லை.
முதல் வாரம் அந்தப் பச்சையில் போனது
ஒரு நாய்,
கை தவறி உருண்ட தண்ணீர்க் கேன்,
அப்புறம் ஒரு கோடை மழை.
டயர் டயராக முட்டிக்கொண்டு வருகிற தண்ணீர்
அன்றைக்கு யாரையும் கேட்காமல் இறங்கிப் போயிற்று.

பிறகு பியூலா.
நைட் டூட்டிக்கு இறங்கும்போது பெடலைத் தொட மாட்டாள்.
இரண்டு விரல் பிரேக்கில், ஒரு நிமிடம்கூட ஆகாது.
காலையில் திரும்பி வருகையில்
ரேஷன் கடை முனையிலேயே இறங்கித் தள்ளுவாள்.

மாதக் கடைசிவரை நில்,
வருகிற காரைத் திருப்பி அனுப்பு
என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தான்.
கையில் பாதி டோக்கன் புத்தகம்.
பழக்க தோஷம், ஒன்றைக் கிழித்து நீட்டிவிட்டேன்.
உள் நேரம் 7.12.
"எவ்ளோண்ணா?"
"காசு வேணாம்மா. வீட்டுக்குப் போனதும்
வெளி நேரம் எழுதி நாளைக்குக் கொண்டா."

கொண்டுவந்தாள். 7.30.
அடுத்த நாள் பதினேழு நிமிடம்.
பிறகு பதினாறு. நாலு நாள் பதினாறிலேயே நின்றது.
ஒருநாள் இருபத்தேழு.
திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருந்தது:
வார்டில் ஒரு குழந்தை.
நான் கேட்கவில்லை.

அன்றைக்கு மூன்று கல்லை மேலே சுமந்தேன்,
டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் புங்க மரத்துக்கு.
பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால்
தண்ணீர் குடிக்க இரண்டு கையும் மிச்சம்.
கேஸ் போடுகிற துளசிங்கம் கண்டுபிடித்துவிட்டான்,
இரண்டு சிலிண்டரோடு நிறுத்தி
"கல்லுக்கு வாடகை எவ்ளோ?" என்கிறான்.
கீழே மைதானத்தில் காரை விட்டுவிட்டு
நடந்து ஏறுகிற முனிரத்தினமும்
அங்கேதான் ஒரு கல்மேல் உட்காருகிறார்.
அதே திட்டுதான்.
மூச்சு வாங்குவதால் சின்னச் சின்ன வார்த்தையாக வருகிறது.

நாளையிலிருந்து காட்பாடி ஸ்டேஷன் பார்க்கிங்.
அங்கே தரை சமம்.
மிச்ச இருபது கல்லை என்ன செய்வதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

இன்று காலை ரேஷன் கடை தாண்டியும்
அவள் இறங்கவில்லை.
சேலைக் கடை தாண்டியும் இல்லை.
அதற்கப்புறம் தெரு வளைந்துவிடுகிறது.

புத்தகத்தின் கடைசி டோக்கன் அவளிடம்தான் இருக்கிறது.
வேலை மாறியதைச் சொல்லவில்லை.
"கொண்டாந்து குடுக்க வேணாம்மா,
அந்த மரத்தடிக் கல்லுக்கு அடியில வெச்சிடு"
என்று மட்டும் சொன்னேன்.